ஒரே ஃபோனில் பத்துக் கணக்கு: முதல் ஆர்டர் சலுகையை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: கோவையில் வீட்டுக்கு மளிகை கொண்டுபோய்க் கொடுக்கும் சின்னச் செயலி ஒன்று நடத்துகிறோம், டெவலப்பர்கள் இரண்டே பேர். முதல் ஆர்டருக்கு 100 ரூபாய் தள்ளுபடி, நண்பரைச் சேர்த்தால் இருவருக்கும் 50 ரூபாய் என்று அறிவித்ததும் புதிய கணக்குகள் குவிந்தன, ஆனால் டெலிவரி போவது அதே வீடுகளுக்குத்தான். ஆண்ட்ராய்டு செயலிக்குத் தரும் அடையாள எண்ணான ஆண்ட்ராய்டு ஐடியை வைத்து ஒரு ஃபோனுக்கு ஒரு கணக்கு என்று பூட்டினோம். ஏமாற்றுகிறவர்கள் நிற்கவில்லை, உண்மையான வாடிக்கையாளர்கள்தான் உள்ளே வர முடியாமல் திட்டுகிறார்கள். ஃபோனை அதன் விவரங்களை வைத்து அடையாளம் காணும் டிவைஸ் ஃபிங்கர்பிரிண்டிங் சேவை ஒன்றை விலைக்கு வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதலில் அந்தப் பூட்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், மீதியை அப்புறம் பேசலாம். ஃபோனின் அடையாளம் உங்களுக்குக் கண்டிப்பாக உதவும், ஆனால் அதைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தியிருக்கிறீர்கள், அது உட்கார வேண்டிய இடம் கல்லா. ஒருவர் கணக்கு தொடங்குவதால் உங்களுக்குப் பத்து பைசா நஷ்டமில்லை, சலுகைப் பணம் கையை விட்டுப் போகும் நொடியில்தான் நஷ்டம்.

உங்கள் பூட்டு ஏன் இரண்டு பக்கமும் தவறியது என்று பார்ப்போம். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8.0-இலிருந்து ஆண்ட்ராய்டு ஐடி என்பது ஃபோனுக்கு ஒன்று என்று கிடையாது. செயலியில் டெவலப்பர் போடும் டிஜிட்டல் கையெழுத்தின் சாவி, ஃபோனில் இருக்கும் பயனர், ஃபோன், இந்த மூன்றும் சேர்ந்த ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு தனி எண். செயலியை அழித்துவிட்டு மறுபடி போட்டால் மாறாது, அது நல்லதுதான். ஆனால் ஃபேக்டரி ரீசெட் செய்தால் மாறிவிடும். ஷாவ்மி ஃபோன்களில் இருக்கும் டூயல் ஆப்ஸ் வசதியில் உங்கள் செயலியின் இரண்டாவது நகலைத் திறந்தால் அது வேறொரு பயனர் என்று கணக்காகி, அதே ஃபோனிலேயே வேறு ஐடி கிடைக்கும். இது போதாதென்று செயலிகளை நகலெடுக்கவே இருக்கும் குளோன் செயலிகள் சில, கேட்கும்போதெல்லாம் புதுப்புது ஐடியைப் போலியாகவே தரும். ஆக ஏமாற்றுகிறவருக்கு உங்கள் பூட்டு ஐந்து நிமிட வேலை. மாட்டிக்கொள்வது யார் என்றால், மகன் ஊருக்கு வந்தபோது அம்மாவின் ஃபோனில் தன் நம்பரைப் போட்டு ஒரு ஆர்டர் செய்துவிட்டுப் போயிருப்பான், அடுத்த மாதம் அந்த அம்மா தன் சொந்த நம்பரில் வரும்போது கதவு சாத்தியிருக்கும்.

அப்படியானால் ஃபோனோடு பிறக்கும் ஐஎம்இஐ எண்ணை எடுத்துக்கொள்ளலாமே என்று உடனே தோன்றும். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-இலிருந்து சாதாரணச் செயலிகளுக்கு அது கிடைக்காது. வைஃபை சில்லின் அடையாள எண்ணான மேக் முகவரியைக் கேட்டால் எல்லா ஃபோனும் ஒரே பொய் எண்ணைத்தான் தரும், ஆண்ட்ராய்டு 6-இலேயே அதை அடைத்துவிட்டார்கள். விளம்பர ஐடியைப் பயனரே அழித்துவிடலாம், அழித்தபின் வருவதெல்லாம் பூஜ்ஜியம்தான். ஐஃபோனில் ஒவ்வொரு செயலி நிறுவனத்துக்கும் தனி எண் தரும் வெண்டர் ஐடி உண்டு, உங்கள் நிறுவனத்தின் செயலிகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி போட்டால் அதுவும் மாறிவிடும். ஐஃபோனின் ரகசியப் பெட்டகமான கீசெயினில் எழுதி வைத்த எண் மட்டும் செயலியை நீக்கிய பிறகும் பொதுவாகத் தங்கியிருக்கிறது, ஆனால் ஃபோனையே முழுதாகத் துடைத்தால் அதுவும் போய்விடும். ஓடிபியை நம்பலாமா? நம் நாட்டில் ஒருவர் பெயரில் 9 சிம் வரை வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது. ஒரு குடும்பத்தில் எத்தனை நம்பர் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த இடத்தில்தான் ஃபிங்கர்பிரிண்டிங் விற்பவர்கள் வருவார்கள். எந்த ஒரு எண்ணையும் நம்பாமல் மாடல், திரை அளவு, ஆண்ட்ராய்டு பதிப்பு, மொழி, எழுத்துருக்கள், சேமிப்பிடம், நெட்வொர்க் என்று ஐம்பது நூறு சின்ன விவரங்களைச் சேர்த்து ஒரு அடையாளம் கட்டுவது அவர்கள் வேலை. கைரேகை என்ற பெயர்தான் இங்கே நம்மை ஏமாற்றுகிறது. நம் ஊர்ப் பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று ஒரு வரி இருக்குமே, வலது முழங்கையில் ஒரு மச்சம் என்று, இது அந்த மாதிரி. ஆளை ஏற்கனவே தெரிந்திருந்தால் உறுதிப்படுத்திக்கொள்ள உதவும், மச்சத்தை மட்டும் வைத்து ஊரில் ஆளைத் தேட முடியாது. 2010-இல் இணைய உரிமைகளுக்காக இயங்கும் அமெரிக்க இஎஃப்எஃப் அமைப்பு உலாவிகளை வைத்துச் செய்த ஆய்வில் 83.6 சதவீதம் தனித்துத் தெரிந்தன, அந்த எண்ணைத்தான் பலரும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2018-இல் பிரான்சில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட உலாவிகளை வைத்துப் பார்த்தபோது மொபைலில் தனித்துத் தெரிந்தவை 18.5 சதவீதம்தான். உலாவிக்குக் கிடைப்பதைவிடச் செயலிக்குக் கூடுதல் விவரம் கிடைக்கும், உண்மைதான், ஆனாலும் ஒரே தள்ளுபடி விற்பனையில் ஒரே மாடலை ஆயிரக்கணக்கில் வாங்கும் ஊர் நம்முடையது.

இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் மாடல், திரை, பதிப்பு, இணைய இணைப்பின் எண்ணான ஐபி முகவரி ஆகியவற்றைச் சேர்த்து ஒரு விதி எழுதியிருந்தார்கள். ஒரு மாணவிகள் விடுதியில் ஒரே வைஃபையில் ஒரே மாடல் ஃபோன் வைத்திருந்தவர்களில் முதலில் வந்தவர் தவிர மற்ற எல்லாரையும் அது மோசடி என்று ஒதுக்கிவிட்டது. யாரும் புகார்கூடச் செய்யவில்லை, பேசாமல் வேறு செயலிக்குப் போய்விட்டார்கள், எங்களுக்குத் தெரியவரவே வெகுநாள் ஆனது. அந்தப் பிள்ளைகள் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான். ஐபி முகவரியை ஒருபோதும் தனிச் சாட்சியாக எடுக்காதீர்கள், மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபிவி4 (பழைய வகை ஐபி) முகவரிக்குப் பின்னால் ஏராளமான பேர் இருப்பார்கள்.

சரி, என்ன செய்யலாம்? காசு கொடுக்காமலே கிடைக்கும் இரண்டு கருவிகளில் இருந்து தொடங்குங்கள். ஆண்ட்ராய்டில் பிளே இன்டெக்ரிட்டி, ஐஃபோனில் ஆப் அட்டெஸ்ட். இவை யார் என்று சொல்லாது. இது உண்மையான ஃபோனா, கணினியில் ஃபோன் போல நடிக்கும் எமுலேட்டரா, உங்கள் செயலி நீங்கள் வெளியிட்டபடியே இருக்கிறதா, யாராவது பிரித்து மாற்றிக் கட்டியிருக்கிறார்களா என்பதைச் சொல்லும். பிளே இன்டெக்ரிட்டிக்கு ஒரு நாளைக்கு 10,000 கோரிக்கை வரை இயல்பாகவே அனுமதி உண்டு, சலுகையைப் பயன்படுத்தும்போது மட்டும் கேட்டால் உங்கள் அளவுக்குத் தாராளம். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: அவை பதிலாகத் தரும் சான்றான டோக்கனைச் செயலிக்குள்ளேயே சரிபார்த்து ஆமாம் இல்லை என்று முடிவெடுக்காதீர்கள். செயலி ஓடும்போதே அதன் நடத்தையை மாற்றும் ஃப்ரிடா போன்ற கருவியை வைத்து அந்த இல்லையை ஆமாம் ஆக்குவது தெரிந்தவருக்குச் சாதாரணம். டோக்கன் உங்கள் சர்வருக்கு வர வேண்டும், ஒவ்வொரு முறையும் சர்வர் கொடுத்த புதிய எண் ஒன்று அதற்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு நல்ல ஃபோனில் வாங்கிய டோக்கனையே திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். ரூட் செய்த (உள்பூட்டை உடைத்து முழு அதிகாரம் எடுத்த) ஃபோன், கூகுள் பிளே இல்லாத ஃபோன் வைத்திருக்கும் நேர்மையானவர்களும் இதில் தோற்பார்கள், அதனால் தோற்றவருக்குச் சலுகையைத் தள்ளிப்போடுங்கள், கடையை மூடாதீர்கள்.

உங்கள் பிரச்சினைக்கு அளவெடுத்துத் தைத்தது போல ஒன்று ஐஃபோனில் இருக்கிறது: டிவைஸ்செக். ஒவ்வொரு ஃபோனுக்கும் உங்கள் பெயரில் இரண்டே இரண்டு பிட்டுகளை (ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் குறிகளை) ஆப்பிள் தன் சர்வரில் வைத்துக்கொள்ளும், ஃபோனைத் துடைத்தாலும் அவை அழியாது. முதல் ஆர்டர் சலுகை வாங்கியாயிற்று என்று ஒரு பிட்டில் குறித்து வைத்தால் முடிந்தது, யாருடைய ஃபோன் என்று உங்களுக்குத் தெரியவே வேண்டாம். ஃபோன் கை மாறி வேறொருவரிடம் போயிருக்கலாம் என்பதால் கடைசியாக எந்த மாதம் குறித்தோம் என்பதையும் அது சொல்லும், பழைய குறியாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். ஆண்ட்ராய்டிலும் பிளே இன்டெக்ரிட்டியில் டிவைஸ் ரீகால் என்ற பெயரில் மூன்று பிட் கொண்ட இதே ஏற்பாட்டைப் பீட்டாவாக, அதாவது சோதனை நிலையில், வெளியிட்டார்கள், அதையும் பாருங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய பலம் ஒன்று உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள்: டெலிவரி போகும் வீடு. விளையாட்டுச் செயலி நடத்துகிறவருக்கோ கடன் செயலி நடத்துகிறவருக்கோ இந்தக் கொடுப்பினை கிடையாது. ஐடியைப் பொய்யாக்கலாம், இருப்பிடத்தைப் பொய்யாக்கலாம், ஆனால் அரிசி மூட்டை உண்மையான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். வாடிக்கையாளர் தட்டச்சு செய்த முகவரியை நம்பாதீர்கள், ஒருவர் செகண்ட் ஃப்ளோர் என்பார், அதே ஆள் அடுத்த கணக்கில் மாடி வீடு என்பார். பொருளைக் கொடுத்துவிட்டு டெலிவரிப் பையன் முடித்தாயிற்று என்று தட்டும் இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு பேமென்ட் கேட்வே தரும் யுபிஐ முகவரி, யார் யாரைச் சேர்த்தார் என்ற ரெஃபரல் தொடர், ஃபோனின் அடையாளம், இந்த நான்கையும் ஒரே அட்டவணையில் வைத்து எந்தெந்தக் கணக்குகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன என்று பாருங்கள். ஃபோன் மட்டும் ஒன்று என்றால் குடும்பம். வீடு மட்டும் ஒன்று என்றால் அபார்ட்மென்ட், ஒரே கட்டடத்தில் நாற்பது வீடுகூட இருக்கும். ஃபோனும் ஒன்று, யுபிஐயும் ஒன்று, ஒருவரையொருவர் சேர்த்துக்கொண்டவர்கள், எல்லாக் கணக்கும் ஒரே ஒரு ஆர்டரோடு நின்றுவிட்டது என்றால் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

குளோனைக் கண்டுபிடிக்கவும் ஒரு எளிய வழி உண்டு. உங்கள் செயலியின் தரவு இருக்கும் கோப்புறையின் பாதையைப் பாருங்கள், பயனர் எண் 0 என்று இருக்க வேண்டிய இடத்தில் ஷாவ்மி டூயல் ஆப்ஸில் 999 என்று இருக்கும். குளோன் செயலிக்குள் ஓடினால் அந்தப் பாதையில் வேறொரு செயலியின் பெயரே தெரியும். இப்படி ஒட்டும் ஒவ்வொரு விஷயத்துக்கும் அந்தக் கணக்குக்குச் சந்தேக மதிப்பெண் போடுங்கள், இதையும் அதில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், இதற்காக மட்டும் யாரையும் தள்ளாதீர்கள். அலுவலக வேலைக்கென்று ஃபோனில் தனியாகப் பிரித்துக் கொடுத்த வொர்க் புரொஃபைலிலும் அந்த எண் 0 ஆக இருக்காது.

அப்புறம் சலுகையின் வடிவத்தையே கொஞ்சம் மாற்றுங்கள். ரெஃபரல் 50 ரூபாயைப் புதியவர் சேர்ந்தவுடன் தராமல், அவருடைய இரண்டாவது ஆர்டர் வீடு போய்ச் சேர்ந்த பிறகு இருவர் கணக்கிலும் வரவு வையுங்கள். போலிக் கணக்கை இரண்டாவது முறை ஓட்டுவதற்கு முழு விலை கொடுத்து மளிகை வாங்க வேண்டும், அங்கேயே பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விடும். என்னைக் கேட்டால் எந்த மென்பொருளையும்விட இந்த ஒரு மாற்றத்துக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன்.

ஐஃபோன் செயலியில் வெளியார் எழுதிய நிரல் தொகுப்பு எதையும் சேர்க்கும் முன் ஊபர் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். நியூயார்க் டைம்ஸ் 2017 ஏப்ரலில் வெளியிட்ட செய்தி அது. சீனாவில் சில ஓட்டுநர்கள் துடைத்து விற்கப்பட்ட திருட்டு ஐஃபோன்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் டஜன் கணக்கில் போலிப் பயணிக் கணக்குகளைத் தொடங்கி, தங்களுக்குத் தாங்களே சவாரி கேட்டு ஊக்கத்தொகை வாங்கினார்கள், ஏறக்குறைய உங்கள் பிரச்சினையேதான். துடைத்த பிறகும் ஃபோனை அடையாளம் காணும் ஒரு துண்டு நிரலை ஊபர் செயலிக்குள் வைத்தது, அது ஆப்பிள் விதிக்கு மாறு என்று தெரிந்ததால் குபர்டினோவில் ஆப்பிள் தலைமையகத்தைச் சுற்றி மட்டும் அதை மறைத்தது. கண்டுபிடித்ததும் 2015 தொடக்கத்தில் அப்போது ஆப்பிளை நடத்திய டிம் குக், ஊபரை நடத்திய டிராவிஸ் கலானிக்கை நேரில் கூப்பிட்டு, நிறுத்தாவிட்டால் ஆப் ஸ்டோரில் இருந்தே நீக்கிவிடுவோம் என்றார். நோக்கம் மோசடியைத் தடுப்பதுதான், ஆனாலும் மாட்டினார்கள். ஃபோனில் இருந்து விவரம் திரட்டி அதைத் தனித்து அடையாளம் காணக் கூடாது என்பது இன்றும் ஆப்பிள் ஒப்பந்தத்தில் இருக்கிறது, 2024 மே 1 முதல் அதற்குப் பயன்படக்கூடிய சில ஏபிஐகளுக்கு (ஃபோனிடம் செயலி விவரம் கேட்டு வாங்கும் வழிகளுக்கு) காரணம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் அங்கே டிவைஸ்செக்கோடு நின்றுகொள்ளுங்கள் என்கிறேன். கூகுள் பிளேயில் டேட்டா சேஃப்டி படிவத்தில் ஃபோன் ஐடி எடுப்பதையும், மோசடித் தடுப்புக்காக என்பதையும் மறக்காமல் நிரப்புங்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாத அவகாசம். தரவைச் சரியாகப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று எழுதியிருக்கிறார்கள். ஐடிகளையும் யுபிஐ முகவரிகளையும் அப்படியே சேமிக்காமல் உங்கள் சர்வரில் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியால் ஹேஷ் செய்து, அதாவது திரும்ப அவிழ்க்க முடியாத குறியீடாக மாற்றி, வையுங்கள், ஒட்டுகிறதா என்று பார்க்க அது போதும். எதற்காக எடுக்கிறீர்கள் என்பதைத் தமிழிலும் எழுதி வையுங்கள், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது.

இதையெல்லாம் எழுதிய பிறகு முதல் இரண்டு வாரம் யாரையும் தடுக்காமல் மதிப்பெண்ணை மட்டும் பதிவு செய்யுங்கள். மேலே வரும் ஐம்பது கணக்குகளை நீங்களே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள், டெலிவரிப் பையன்களிடமும் கேளுங்கள், எந்த வீட்டில் எத்தனை பெயரில் பை போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். எத்தனை குடும்பங்கள் தவறாக மாட்டுகின்றன என்று பார்த்த பிறகு எல்லையை முடிவு செய்யுங்கள். அதற்கு அப்புறமும் நூற்றுக்கணக்கான எமுலேட்டர்களை ஓட்டும் பண்ணை மாதிரி பெரிய கை இருக்கிறது என்று தெரிந்தால் கட்டணச் சேவை பற்றி மறுபடி எழுதுங்கள், எதை வாங்குவது என்று பார்ப்போம். அதுவரை, உள்ளே வர முடியாமல் திட்டினார்களே, அவர்கள் எண்கள் உங்களிடம் இருக்கும். ஒவ்வொருவராக அழைத்துத் தவறு எங்களுடையது என்று சொல்லி, அந்த 100 ரூபாயை அவர்கள் கணக்கில் நீங்களே போட்டுவிடுங்கள்.