சீரியல் பிரசவமும் ஏழாம் மாதப் பயமும்

மனைவி சீரியல் பார்ப்பதை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்துவது சரிதான்; ஆனால் அது மட்டும் போதாது. கடலூர் முதுநகரில் மாமியாருடன் இரவு சீரியல் பார்க்கும், ஏழாம் மாதக் கர்ப்பிணியான உங்கள் மனைவி, ஒரு பிரசவக் காட்சிக்குப் பிறகு தூக்கமின்றி, "ஆபரேஷனே செய்துவிடச் சொல்லுங்கள்" என்று அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். பதிந்துவிட்ட காட்சியை உண்மை விவரத்தால்தான் மாற்ற முடியும்.

திரையில் பனிக்குடம் உடைந்த மறுநிமிடமே அலறல், அடுத்து, "தாயா, பிள்ளையா?" என்று கேட்கும் மருத்துவர். (அந்த வசனத்தை இன்னும் விடமாட்டேன் என்கிறார்கள்.) உண்மையில் பெரும்பாலோருக்கு வலி தொடங்கிய பிறகே பனிக்குடம் உடைகிறது. தலைப்பிரசவத்தில் கருப்பைவாய் 5 சென்டிமீட்டர் விரிந்த பிறகும், முழுதாக விரிய 12 மணி நேரம் வரை ஆகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல். வலி விட்டுவிட்டு வரும். சிக்கல் இல்லாதவர்கள் இடையில் நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். இந்த நீண்ட காத்திருப்பு திரைக்கு உதவாது என்பதால் வெட்டப்படுகிறது.

அவருடைய பயம் எதைப் பற்றியது என்று பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள்: வலியா, இரத்தமா, தனியாக விடப்படுவதா? தனிமைதான் என்றால், பிரசவ அறையில் அவர் விரும்பும் துணை ஒருவரை அனுமதிப்பார்களா என்று அடுத்த பரிசோதனையிலேயே விசாரியுங்கள். அதே வழிகாட்டுதல் அதையும் பரிந்துரைக்கிறது.

தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் இலவச மனநல உதவி) எண்ணிலும் பேசலாம். இரத்தப்போக்கையோ குழந்தையின் அசைவு குறைவதையோ மட்டும் "சீரியல் பயம்" என்று ஒதுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.