அமுக்குவான் பேய் என்பது என்ன? கனவு ஏன் வருகிறது?

"விழிப்பு வந்துவிட்டது, கண் திறந்திருக்கிறது, ஆனால் கை கால் அசையவில்லை. யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். இது கனவா, நோயா, பேயா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் பலமுறை வந்திருப்பதால் எழுதுகிறேன். முதலில் ஒன்று: பயப்படாதீர்கள், இது உயிரை எடுக்காது.

எங்கள் வீடு மும்பை தாராவியில். கீழே ஓர் அறை. இரும்பு ஏணியில் ஏறினால் படுக்க ஒரு பரண். இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் எனக்கு இரவு ஷிப்டு. காலையில் சயான் ஸ்டேஷனில் இறங்கி வீடு வந்து, இரண்டு இட்லியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். அப்படிப் படுத்த ஒரு நாள், கண்ணுக்கு நேரே தகரக் கூரை தெரிகிறது. கீழே அம்மா டம்ளர்களைக் கழுவிக் கவிழ்க்கும் சத்தம் கேட்கிறது. அப்போது ஏணியில் யாரோ ஏறி வருகிறார்கள். டக், டக், டக். தலைமாட்டில் வந்து நின்றதும் நெஞ்சில் பாரம் இறங்கியது. "அம்மா" என்று கத்துகிறேன், உதடு பிரியவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்து ஊரில் பிறந்த அம்மா உடனே சொன்னார்: "அமுக்குவான் பேய்தான். மல்லாந்து படுக்காதே, ஒருக்களித்துப் படு." அன்றே தலையணைக்கு அடியில் ஓர் இரும்புத் துண்டு வந்துவிட்டது.

ஆனால் இதற்கு விஞ்ஞானம் சொல்லும் காரணம் வேறு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் தூக்கத்தை ஆராய்ந்த யூஜின் அசெரின்ஸ்கி தன் எட்டு வயது மகனின் கண்ணோரம் மின்முனைகளை ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார். தூங்கும் பையனின் கண்கள் இமைக்குள் இங்குமங்கும் பாய்ந்தன. 1953-ல் அவரும் நதானியேல் கிளைட்மனும் வெளியிட்ட அந்தக் கண்டுபிடிப்புதான் 'ரெம்' (REM, கண்கள் வேகமாக அசையும்) தூக்கம். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன. தூங்கி ஏறத்தாழ 90 நிமிடங்கள் கழித்து முதல் சுற்று வரும், விடியலை நெருங்க நெருங்க ஒவ்வொரு சுற்றும் நீளும். விடியற்காலைக் கனவு நினைவில் நிற்பது அதனால்தான்.

இந்தக் கட்டத்தில் மூளை ஓடுகிறது, உடலோ பூட்டப்படுகிறது. மூளையின் அடிப்பகுதியான மூளைத் தண்டிலிருந்து போகும் உத்தரவு கை கால் தசைகளை முழுக்கத் தளர்த்திவிடும். கனவில் ஓடினால் கால் நிஜமாக எழுந்து ஓடக் கூடாதல்லவா! பிரான்சின் ஆய்வாளர் மிஷேல் ஷூவே, பூனைகளின் மூளைத் தண்டில் இந்தப் பூட்டைப் போடும் சிறு இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தபோது, அவை தூக்கத்திலேயே எழுந்து பதுங்கின, பாய்ந்தன.

நமக்கு நேர்வது இதுதான்: கண் விழித்துவிட்டது, பூட்டு திறக்கவில்லை. மூச்சு விடும் வேலையை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானம் தொடர்ந்து செய்கிறது. ஆனால் விலா எலும்புத் தசைகள் தளர்ந்திருப்பதால் ஆழமாக இழுக்க முடியாது. அதுவே நெஞ்சுப் பாரம். மூளையில் அச்சத்தைக் கிளப்பும் பகுதியும் அப்போது விழித்திருக்கிறது. பாரமும் பயமும் சேர்ந்தால், அதற்கு ஒரு காரணத்தை மூளை உருவமாகவே செய்துவிடுகிறது. என் ஏணிக் காலடிச் சத்தம் எது தெரியுமா? டேபிள் ஃபேன் திரும்பும்போது எழும் சொடுக்கு!

கனவு ஏன் வருகிறது என்பதற்கும் இங்கேயே பாதி பதில் இருப்பதாக எண்ணுகிறேன். மூளைத் தண்டு எழுப்பும் ஒழுங்கற்ற அலைகளை மேல்மூளை கதையாகக் கோத்துக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் ஆலன் ஹாப்சனும் ராபர்ட் மெக்கார்லியும் 1977-ல் சொன்னார்கள். நினைவுகளை அடுக்கிவைக்கும் வேலையின் நிழல் அது என்பவர்களும், மனக்காயத்தின் வீரியத்தைக் குறைக்கும் வேலை என்பவர்களும் இருக்கிறார்கள். நெஞ்சுப் பாரம் ஓர் ஆளாக மாறியதை நேரில் பார்த்த எனக்கு, கதை கோக்கும் மூளை என்ற விளக்கமே நெருக்கமாகப் படுகிறது.

2011-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பொதுமக்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கும் மாணவர்களில் 28 சதவீதம் பேருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்திருந்தது. ஜப்பானியர் இதைக் 'கனாஷிபாரி' என்கிறார்கள், உலோகத்தால் கட்டுண்ட நிலை என்று பொருள். நாமோ அதை விரட்ட இரும்பு வைக்கிறோம்!

தூக்கம் கெட்டவர்களுக்கும் ஷிப்டு மாறுபவர்களுக்கும் இது அதிகம். மல்லாந்து படுத்தால் கூடுதலாக வருகிறது என்று ஆய்வுகளும் சொல்வதால், அம்மா சொன்னது சரி. தூங்கும் நேரத்தை ஒரே சீராக வையுங்கள். பகலில் அடக்க முடியாமல் தூக்கம் தள்ளினாலோ, சிரிக்கும்போது முழங்கால் துவண்டாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

வந்துவிட்டால் திமிறாதீர்கள். கால் பெருவிரலை மட்டும் அசைக்க முயலுங்கள். போன மாதம் எனக்கு மறுபடி வந்தது. டக், டக் என்று ஏணிச் சத்தம். ஃபேன்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு விரலை அசைத்தேன். அசைந்தது. கீழே டம்ளர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டேன்.