தினமும் ஓட்டும் காரில் கெட்டியான என்ஜின் மவுண்ட் போடலாமா? எவ்வளவு கெட்டியாக வாங்குவது?

கேட்டவர் காரை ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்து இழுவையைக் கூட்டுவது) செய்திருக்கிறார். முதல் கியரில் அழுத்தினால் முன் சக்கரம் துள்ளுகிறது, ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடித்தால் 'டக்' என்று இடிக்கிறது என்கிறார். என்ஜினை வண்டியோடு பிடித்துவைக்கும் மூன்று ரப்பர் மவுண்டையும் எடுத்துவிட்டு, அதைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் மவுண்ட் போடலாமா என்பது கேள்வி.

வேண்டாங்க. மூன்றையும் மாற்றாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் இதே கேள்வியோடு நான் இணையம் முழுக்கத் தேடினேன். எல்லோரும் "போடுங்க, வேற லெவல்ல இருக்கும்" என்றுதான் எழுதியிருந்தார்கள். அதை நம்பியதால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

நான் வேலூர், சத்துவாச்சாரி. வண்டி 2021 போலோ 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல். கம்பெனிக் கணக்கில் சக்தி 110 பிஎஸ், முறுக்கு 175 நியூட்டன் மீட்டர். நானும் ரீமேப் செய்தவன்தான். உங்கள் வண்டியும் இப்படிக் குறுக்கே என்ஜின் வைத்த, முன் சக்கரம் இழுக்கிற வண்டி என்றே வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

இந்த அமைப்பில் மேலே இரண்டு மவுண்ட்: ஒன்று என்ஜின் பக்கம், ஒன்று கியர்பாக்ஸ் பக்கம். எடையைத் தாங்குவது இவை. கீழே எலும்புத் துண்டு போல ஒன்று இருக்கும், டாக்போன் என்பார்கள். என்ஜின் முன்னும் பின்னும் உருளாமல் பிடித்துக்கொள்வது முக்கியமாக அதுதான். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் (இரண்டு சக்கரத்துக்கும் முறுக்கைப் பிரித்துத் தருவது) ஒரே கூட்டுக்குள் இருப்பதால், சக்கரத்துக்குப் போகும் முறுக்கு முழுவதற்கும் எதிர்விசை மவுண்டில்தான் வந்து விழும். முதல் கியரில் மொத்த விகிதம் 13, அதாவது முறுக்கு 13 மடங்காகும் என்று வைத்தால், 175 நியூட்டன் மீட்டர் என்பது 2,275 ஆகிவிடும். ஒரு துண்டு ரப்பர் அதைத் தாங்குகிறது. கம்பெனி அதை மென்மையாக வைத்திருக்கிறதே என்று திட்டுவதற்கு முன் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

எனக்கு அப்போது அந்தப் பொறுமை இல்லை. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் மூன்று மவுண்டும் சேர்ந்த செட் வாங்கினேன். 75 ஷோர் ஏ என்று போட்டிருந்தார்கள். ஷோர் ஏ என்பது ரப்பர் வகைப் பொருளின் கெட்டித்தன்மையை அளக்கும் கணக்கு. கம்பெனி ரப்பர் பெரும்பாலும் 50, 60 பக்கம் இருக்கும். 75 என்றால் கொஞ்சம்தானே கூட என்று நினைத்தேன்.

எங்கள் தெருமுனைப் பட்டறை பாய் செட்டைக் கையில் வாங்கி நகத்தால் அழுத்திப் பார்த்தார். "தம்பி, கீழ மட்டும் மாத்து. மேல ரெண்டும் அப்படியே இருக்கட்டும்" என்றார். நான் கேட்கவில்லை. மூன்றையும் போடச் சொன்னேன். அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் எனக்கு ஐந்து மாதம் மிச்சம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஏலகிரி ஏறினேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த 14 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி அருமையாக ஏறியது. வளைவு முடிந்து இரண்டாம் கியரில் அழுத்தினால் முன்பெல்லாம் என்ஜின் ஒரு முறை சாய்ந்துவிட்டுத்தான் இழுக்கும். இப்போது கால் வைத்த நொடியிலேயே இழுத்தது. கியரும் சுத்தமாக விழுந்தது.

அடுத்த வாரம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு முதுகெலும்புத் தேய்மானம், மாதம் ஒரு முறை காட்ட வேண்டும். மே மாத வெயில், ஏசி இல்லாமல் முடியாது. காட்பாடி ரயில்வே மேம்பாலத்துக்கு முன்னால் நெரிசலில் இருபது நிமிடம் நின்றோம். ஏசி கம்ப்ரசர் ஓடும் ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங், சீட், கண்ணாடி எல்லாம் உதறியது. டேஷ்போர்டுக்குள் எங்கோ ஒரு கிளிப் விடாமல் கத்தியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகு, "அடுத்த மாசம் நான் ஆட்டோல போயிக்கிறேன் கண்ணு" என்றார். வேலூர் ரோட்டில் ஆட்டோவே மேல் என்று முதுகு வலிக்காரர் ஒருவர் சொல்கிறார் என்றால் அந்த வண்டியின் நிலை என்ன என்று பாருங்கள்.

ஏன் அப்படி உதறியது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மூன்று சிலிண்டர் என்ஜின் 750 ஆர்பிஎம்மில் ஐடிலில், அதாவது வண்டி நிற்கையில் சும்மா ஓடும்போது நொடிக்குச் சுமார் 19 முறை வெடிக்கும். மவுண்டில் தொங்கும் என்ஜினுக்கு இயல்பாகவே ஆடும் ஒரு வேகம் உண்டு. அது இந்த 19-ஐவிட நன்றாகக் குறைவாக இருந்தால்தான் மவுண்ட் அதிர்வை விழுங்கும். மவுண்டைக் கெட்டியாக்கினால் அந்த எண் மேலே ஏறி 19-ஐ நெருங்கும். நெருங்கினால் விழுங்குவதற்குப் பதில் பெருக்கிவிடும். நான்கு சிலிண்டர் என்றால் அதே ஐடிலில் 25 முறை, அதனால் கொஞ்சம் தப்பிக்கலாம். உங்களுடையது எத்தனை சிலிண்டர் என்று நீங்கள் எழுதவில்லை, முக்கியமே அதுதான்.

"ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் அடங்கிவிடும்" என்றார் விற்பனையாளர். 2,300 வரை ஓட்டினேன். கொஞ்சம் குறைந்தது, அடங்கவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளக் கேட்டால் பதிலே இல்லை.

அப்புறம் ஒரு நாள் பாய் என்னை ராணிப்பேட்டைக்கு அழைத்துப் போனார். தோல் ஆலை இயந்திரங்களின் ரோலருக்கு ரப்பரும் பாலியூரித்தேனும் போட்டுத் தரும் பட்டறை அது. அங்கிருந்த பெரியவர் கெட்டித்தன்மையை அளக்கும் டியூரோமீட்டரை எடுத்து என் கீழ் மவுண்டில் அழுத்தினார். 92. எனக்கு விற்றது 75 என்று சொல்லி! ரப்பருக்கு நடுவே கம்பெனி ஏன் ஓட்டை விட்டிருக்கிறது என்பதையும் அவர்தான் விளக்கினார். முதலில் மெதுவாக அமுங்கும், ஓட்டை மூடிய பிறகு கெட்டியாகும். அந்த இடைவெளியை முழுக்க அடைத்துவிட்டால் 60 ஷோர்கூடப் பாறை மாதிரி ஆகிவிடும். எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

அவரே எனக்கு 70 ஷோரில் ஒரு டாக்போன் இன்சர்ட் (உள்ளே செருகும் துண்டு) வார்த்துக் கொடுத்தார். மேலே இரண்டும் புதிய கம்பெனி மவுண்ட். இப்போது துள்ளல் முக்கால்வாசி போய்விட்டது. ஐடிலில் ஏசி போட்டால் லேசாகத் தெரியும், அவ்வளவுதான். அம்மா மறுபடி காரில்தான் வருகிறார்.

"வேலூர்ல என்ன இருக்கு, பெங்களூர் கொண்டு போ" என்று எனக்குச் சொன்னவர்கள் நிறையப் பேர். இந்த ஊர்ப் பட்டறைக்காரர்களை அப்படிப் பேசுவது எனக்குப் பொறுக்காது. பலகையும் ஏசி ஹாலும் இல்லை என்பதற்காக வேலை தெரியாது என்று ஆகிவிடுமா? தலைமுறையாக உருளைக்கு ரப்பர் ஒட்டுகிற மனிதருக்கு, படத்தைப் போட்டு மவுண்ட் விற்கிறவரைவிட ரப்பர் தெரியும். இன்னொன்று, குடியாத்தம் ரோட்டில் ராத்திரி போய்ப் பாருங்கள். வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடைகள். எந்த மவுண்ட் போட்டாலும் அதில் ஒன்றின் மேல் அறுபதில் ஏறினால் தாங்காது. பைக்கில் வருகிறவர்கள் விழுகிறார்கள். ஒரு டப்பா பெயின்ட் அடிக்க எத்தனை முறைதான் மனு கொடுப்பது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "டிராக்கில் எல்லோரும் கெட்டி மவுண்ட்தானே போடுகிறார்கள்" என்று சண்டைக்கு வர வேண்டாம். சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ரேஸுக்கென்றே ஓடும் வண்டிக்கு அது சரி. அதில் யாரும் அம்மாவை உட்கார வைத்து நெரிசலில் நிற்பதில்லை. நான் இன்ஜினியரும் இல்லை, என் வண்டியில் கண்டதைச் சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் பழைய மவுண்ட் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பானெட்டைத் திறந்து, ஒருவர் பிரேக்கை அழுத்தியபடி கிளட்சை மெதுவாகக் கடிக்க விடட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், முன்னால் நிற்க வேண்டாம். என்ஜின் எகிறினால், ரப்பரில் வெடிப்பு இருந்தால், எண்ணெய் நிரப்பிய மவுண்டில் கருப்பாகக் கசிந்திருந்தால், அது செத்த மவுண்ட். புதிய கம்பெனி மவுண்ட் போட்டாலே உங்கள் பாதிப் பிரச்சினை தீரலாம். துள்ளலுக்குத் தேய்ந்த டயரும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ்ஷும்கூடக் காரணமாகும்.

மாற்றும்போது என்ஜின் அடியில் ஜாக்கி வைத்தால் நடுவில் மரக்கட்டை வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆயில் சம்ப் நசுங்கும். இந்த வகை வண்டிகளில் மவுண்ட் போல்ட் பலவும் முறுக்கும்போது நீண்டுவிடுகிற, ஒரு முறை மட்டும் போடுபவை, பழையதையே திரும்பப் போடக் கூடாது.

வண்டி எது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை சிலிண்டர் என்று கருத்தில் எழுதுங்கள். பாயிடம் கேட்டுச் சொல்கிறேன்.