தேன் சேர்த்த கேக்கைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் விரும்பிக் கேட்பதால், சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் சேர்த்துச் செய்கிறேன். பெட்டியின் மேல் 'சர்க்கரை இல்லாத கேக்' என்று எழுதித் தருகிறேன். தேனைச் சூடாக்கினால் விஷமாகிவிடும், ஊராருக்கு அதைக் கொடுக்காதே என்று மாமியார் சொல்கிறார். அது உண்மையா? நாத்தனாரின் குழந்தைக்கு எட்டு மாதம் ஆகிறது. கேக்கின் மெத்தென்ற நடுப்பகுதியைக் கொஞ்சம் பாலில் ஊறவைத்து ஊட்டலாமா?

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். ஊட்டாதீர்கள். ஒரு வயது முடியும்வரை தேனோ, தேன் சேர்த்த எந்தப் பண்டமோ அந்தக் குழந்தையின் வாயில் படக்கூடாது.

தேனில் 'குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம்' என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். தேனீ அலையும் மண்ணிலும் தூசியிலும் இருப்பவை அவை. சுத்தமான தேனிலும் இருக்கலாம், மலைத்தேனிலும் இருக்கலாம். கண்ணோ நாக்கோ அதைக் காட்டிக்கொடுக்காது. பெரியவர்களின் குடலில் நிறைந்திருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் இந்த வித்துகளை முளைக்க விடுவதில்லை. பிறந்து ஒரு வருடம் ஆகாத குழந்தையின் குடலில் அந்தக் காவல் முழுமையாக அமைந்திருக்காது. வித்து அங்கே முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுத்துவிடும். இந்த நோய் குழந்தைகளுக்கு வருவதை மருத்துவ உலகம் அடையாளம் கண்டதே 1976-இல்தான். அரிதான நோய்தான். ஆனால் வந்துவிட்டால் மூச்சுவிடும் தசைகள்கூடத் தளர்ந்து, வென்டிலேட்டர் வைக்க வேண்டிய நிலை வரலாம்.

'ஓவனில் வெந்த கேக்தானே, கிருமி செத்திருக்காதா?' என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நியாயமான எண்ணம்தான். ஆனால் இந்த வித்துகள் கொதிநீரையே தாங்கி நிற்பவை. அவற்றை அழிக்க அழுத்தத்தோடு சேர்ந்த 121 டிகிரி செல்சியஸ் நீராவி வேண்டும். ஓவனை 180 டிகிரியில் வைத்தாலும், மாவில் ஈரம் இருக்கும்வரை கேக்கின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. நீங்கள் ஊட்ட நினைத்ததும் அந்த நடுப்பகுதியைத்தான். குக்கரில் கேக் செய்பவர்களும் வெயிட்டைக் கழற்றிவிட்டுத்தானே வைக்கிறார்கள்? அங்கேயும் அழுத்தம் கிடையாது.

கேக்கோடு இது முடிவதில்லை. வடசென்னையில் என்னிடம் வரும் குடும்பங்களில் தேன் குழந்தைக்குப் போகும் வழிகள் பல. பிறந்த அன்றே பெரியவர் ஒருவர் தேனைத் தொட்டு நாக்கில் சேனை வைப்பார். பிறகு வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் இழைத்துத் தேனில் குழைத்த உரைமருந்து வரும். பழனிக்குப் போய்வந்தவர் பஞ்சாமிர்தத்தை விரலில் தொட்டு நாக்கில் தடவுவார். அதிலும் தேன் உண்டு. சூப்பானைத் தேனில் தோய்த்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். எல்லாம் பாசத்தில் செய்வதுதான். பாட்டிகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். குழந்தைக்கு ஒரு வயது ஆகட்டும், அதன் பிறகு உங்கள் கையாலேயே கொடுங்கள் என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

குழந்தை ஏற்கெனவே ருசி பார்த்திருந்தால் பதற வேண்டாம். தேன் சாப்பிட்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு எதுவும் ஆவதில்லை. ஆனால் ஒரு மாதம்வரை கவனியுங்கள். பெரும்பாலும் மலச்சிக்கல்தான் முதலில் வரும். அதையடுத்து அழுகுரல் மெலியும், பால் உறிஞ்சும் வேகம் குறையும், இமைகள் தொங்கும், நிமிர்ந்து நின்ற தலை துவளும். இவற்றில் எதைக் கண்டாலும், இரவாக இருந்தாலும், ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுங்கள். தேன் கொடுத்ததை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். யாரோ திட்டுவார்கள் என்று பயந்து சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. கிருமித்தொற்றுக்குப் போடும் சில ஆன்டிபயாடிக் ஊசிகள் இந்தத் தசைத் தளர்ச்சியை மேலும் கூட்டிவிடும். விவரம் தெரிந்தால் மருத்துவர் அவற்றைத் தவிர்ப்பார். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்த குழந்தைகள் பெரும்பாலும் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள்.

இனி மாமியார் சொன்னது. அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. சூடாக்கிய தேனைத் தவிர்க்கச் சொல்வது சரக சம்ஹிதை காலத்திலிருந்தே வரும் அறிவுரை. தேனைச் சூடாக்கினாலும், நெடுநாள் வைத்திருந்தாலும், எச்.எம்.எஃப். என்ற வேதிப்பொருள் அதில் கூடுகிறது என்பதும் ஆய்வகம் காட்டும் உண்மைதான். விற்பனைக்கு வரும் தேனில் கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி. அந்த அளவைப் பெரும்பாலும் தேன் பழையதா, அதிகம் காய்ச்சப்பட்டதா என்று கண்டுபிடிக்கவே பார்க்கிறார்கள். வறுத்த காபிக்கொட்டையில் இதே பொருள் பல மடங்கு உண்டு. ரொட்டியின் சிவந்த மேல்தோலிலும் உண்டு. தேன் சேர்த்து வேகவைத்த கேக்கை எப்போதாவது ஒரு துண்டு சாப்பிடுவதால் பெரியவர் உடலில் நஞ்சு ஏறும் என்பதற்கு இன்றைய மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. சூட்டில் இழப்பது தேனின் மணத்தையும் சில நொதிகளையும்தான். மருந்துக்காகத் தேன் சாப்பிடுகிறவர் சூடாக்காமலேயே சாப்பிடட்டும். அந்த வகையில் மாமியார் பக்கம் நியாயம் இருக்கிறது.

சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில்தான் உங்களோடு எனக்கு வருத்தம். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரையே. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். ஒரு கப் சர்க்கரைக்குப் பதில் முக்கால் கப் தேன் ஊற்றுவது வழக்கம். ஒரு கப் சர்க்கரை 200 கிராம். முக்கால் கப் தேன் ஏறக்குறைய 255 கிராம். அதற்குள் இருக்கும் சர்க்கரையும் 200 கிராமுக்குச் சற்று மேலேயே வருகிறது. ஆக, எதுவும் குறையவில்லை. அந்தக் கேக்கைப் பத்துத் துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் 20 கிராம். தேனிலுள்ளதையும் சேர்த்தே, சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் கூடுதல் நன்மை என்று உலக சுகாதார நிறுவனம் பொதுவாக எல்லோருக்கும் சொல்கிறது. இதற்கு மேல் மைதா வேறு இருக்கிறது. தேன் ரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகம் வெறும் சர்க்கரையைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம். அந்தச் சிறு வித்தியாசத்தை நம்பி இரண்டு துண்டு சாப்பிடுகிறவரின் ரத்தச் சர்க்கரை அளவு ஏறத்தான் செய்யும்.

ஆகவே பெட்டியில் இருக்கும் அந்த வாசகத்தை இன்றே எடுத்துவிடுங்கள். 100 கிராம் உணவில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'சர்க்கரை இல்லாதது' என்று சொல்ல உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. 'தேன் சேர்த்தது; ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தர வேண்டாம்' என்று எழுதுங்கள். உங்களை நம்பி வாங்குபவர்களுக்கு அதுதான் தெரிய வேண்டியது. மணத்துக்காகவும் ஈரப்பதத்துக்காகவும் தேன் கேக்கைத் தாராளமாகச் செய்யுங்கள். தேன் சீக்கிரம் சிவக்கும் என்பதால் ஓவன் சூட்டை 15 டிகிரி குறைத்து வையுங்கள், மேல்பக்கம் கருகாது. சர்க்கரை நோய் உள்ளவர் ஆசைப்பட்டால், தேனைப் பாதியாகக் குறைத்துச் சிறு துண்டாக, சாப்பாட்டில் சோற்றைக் குறைத்துக்கொண்டு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்சுலின் போடுகிறவருக்கும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவருக்கும் சர்க்கரை திடீரென இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால் ஒரு மேசைக்கரண்டி தேன் நல்ல முதலுதவி. அந்த நேரத்தில் கேக் உதவாது. அதிலுள்ள வெண்ணெய் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் தேனை ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். உடனே 108-ஐ அழையுங்கள்.