ஒரு நாளுக்கு 24 மணி நேரம்தானே, அப்புறம் யுடிசி+13 எப்படி வந்தது?

யுடிசி என்பது உலகம் முழுக்க நேரம் கணக்கிட அடிப்படையாக வைக்கும் பொது நேரம்; +13 என்றால் அதைவிட 13 மணி நேரம் முன்னால். அதற்கு இந்தப் பக்கம் 12, அந்தப் பக்கம் 12, அதோடு கணக்கு முடிய வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நேர மண்டலத்தை முடிவு செய்வது தீர்க்கரேகை இல்லை, அரசாங்கம்.

பசிபிக் கடலில் இருக்கும் டோங்கா, சமோவா, டோக்கெலாவ், கிரிபாட்டியின் பீனிக்ஸ் தீவுகள் எல்லாம் +13. இதில் சமோவா கதைதான் சுவாரஸ்யம். அது இருப்பது ஏறக்குறைய 172 டிகிரி மேற்கில். சூரியனை மட்டும் பார்த்தால் -11 வர வேண்டும், 2011 கடைசி வரை அப்படித்தான் இருந்தது. ஆனால் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு. சமோவாவில் வெள்ளிக்கிழமை ஆபீஸ் திறந்திருக்கும்போது ஆக்லாந்தில் சனிக்கிழமை லீவு. சமோவாவில் ஞாயிறு என்று எல்லோரும் சர்ச்சில் இருப்பார்கள், சிட்னியில் திங்கள்கிழமை வேலை ஓடிக்கொண்டிருக்கும். வாரத்தில் இரண்டு நாள் பாழ். அதனால் 2011 டிசம்பர் 29 வியாழன் நள்ளிரவு தாண்டியதும் நேராக 31 சனிக்கிழமைக்குப் போய்விட்டார்கள். 30-ஆம் தேதி அங்கே கிடையவே கிடையாது (அந்த நாளுக்கும் சம்பளம் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள், அதுவரை சந்தோஷம்). -11-ஓடு 24-ஐக் கூட்டுங்கள், 13 வருகிறதா?

வேடிக்கை என்னவென்றால், 1892-இல் அமெரிக்க வியாபாரிகளுக்காக இதே நாடு ஜூலை 4-ஆம் தேதியை இரண்டு தடவை வைத்து தேதிக் கோட்டின் எதிர்ப்பக்கம், அமெரிக்காவின் பக்கம், போயிருந்தது.

பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்க சமோவா இன்னும் -11-இல்தான். இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒரே மணி காட்டும், கிழமை மட்டும் வேறு. சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் செவ்வாய் காலை சின்ன விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவில் திங்கள் காலை இறங்கலாம். சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரிக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினருக்குத்தான் பெரிய தலைவலி. பழைய சனிக்கிழமைதான் இப்போது ஞாயிறு என்ற பெயரில் வருகிறது என்று ஒரு சாரார், காலண்டரில் சனி என்றால் சனிதான் என்று இன்னொரு சாரார்.

கிரிபாட்டியின் லைன் தீவுகள் +14. அதனால் நமக்குச் செவ்வாய் மாலை 4 மணி ஆகும்போது அங்கே புதன் பிறந்திருக்கும், அமெரிக்க சமோவாவில் திங்கள் இரவு பதினொன்றரை. ஒரே நேரத்தில் மூன்று தேதி! நீங்கள் புரோகிராம் எழுதுகிறவர் என்றால் தயவுசெய்து யுடிசி வித்தியாசத்துக்கு 12-ஐ உச்ச வரம்பாக வைக்காதீர்கள். எழுதி முடித்ததும் ஆப்பியா நேரத்தில் 2011 டிசம்பர் 30-ஐக் கொடுத்துப் பாருங்கள், நான் முதலில் சோதிப்பதே அதைத்தான்.