வாடகைக்கு விட வாங்கும் வீடு, வங்கிக்கு வெளியே கடன்: சட்டம் துணைக்கு வருமா?

கேள்வி: வாடகைக்கு விடுவதற்காக ஒரு வீடு வாங்குகிறேன். வங்கி இழுத்தடிக்கிறது. தனியார் கடன் நிறுவனம் ஒன்று ஒரு வருடக் கடன் தரத் தயாராக இருக்கிறது. பேப்பர் கட்டுக்கு நடுவில், "இந்தக் கடன் முழுவதும் அல்லது பெரும்பகுதி தொழில் நோக்கத்துக்கானது" என்று ஒரு பக்கம். "சும்மா ஒரு சம்பிரதாயம், கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார் தரகர். போடலாமா?

பதில்: அந்தக் கட்டிலேயே கனமான பக்கம் அதுதான். அதில் கையெழுத்துப் போட்டால், சொந்தத் தேவைக்குக் கடன் வாங்குபவரைக் காக்கும் நுகர்வோர் கடன் சட்டம் உங்களுக்குத் துணைக்கு வராமல் போகலாம். சம்பிரதாயம் என்று சொல்லி யார் நீட்டினாலும் நம்பாதீர்கள்.

நுகர்வோர் கடன் சட்டம் எந்த நாட்டில் இருந்தாலும் முதலில் பார்ப்பது, பணம் எதற்கு என்பதைத்தான். குடியிருக்கவா, சம்பாதிக்கவா? அமெரிக்காவில் 1968-இல் வந்த, கடன் செலவை வெளிப்படையாகச் சொல்ல வைக்கும் சட்டம் தொழில் கடனைத் தொடுவதில்லை. சொந்தக்காரர் குடியிருக்காமல் வாடகைக்கு விடும் வீட்டை வாங்கும் கடன் அங்கே தொழில் கடன் கணக்கில் போய்விடும். ஆஸ்திரேலியாவில் நிலைமை நேர்மாறு. 2009-ஆம் ஆண்டின் தேசிய நுகர்வோர் கடன் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் முதலீட்டுக்காகக் குடியிருப்பு வீடு வாங்கவும் புதுப்பிக்கவும் எடுக்கும் கடனையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது. பிரிட்டன் நடுவில் நிற்கிறது. சொத்தாக வந்த வீடு, முன்பு தானே குடியிருந்த வீடு என்று சூழ்நிலையால் வாடகைக்கு விட நேர்ந்தவரை 2016 மார்ச் முதல் அங்கே நுகர்வோராகப் பார்க்கிறார்கள். வாடகை வருமானத்துக்கென்றே வாங்குபவர் தொழில் செய்பவர்தான்.

ஆக, ஒரே வீடு, ஒரே கடன், ஆனால் எல்லை தாண்டினால் பாதுகாப்பு மாறிவிடுகிறது. உங்கள் ஊர்ச் சட்டத்தில் வாடகை வீடு எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பேனாவைத் திறக்காதீர்கள்.

பாதுகாப்பு என்று சொல்வது எதை? உங்களால் திருப்பிக் கட்ட முடியுமா என்று கடன் கொடுப்பவர் விசாரித்தாக வேண்டும். மொத்தச் செலவை முன்கூட்டியே எழுதிக் காட்ட வேண்டும். சில இடங்களில், வேலை போனாலோ உடம்பு படுத்தாலோ தவணையை மாற்றிக் கேட்கும் உரிமையும் உண்டு. இதில் எதை இழந்தாலும் வலிக்கும். ஆனால் முதலீட்டாளரை அதிகம் ஏமாற்றுவது செலவுக் கணக்குதான். கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்.

கடன் 100 என்று வையுங்கள். "மாதம் 1 சதவீதம்தான், ஒரு வருடம்" என்கிறார்கள். 12 மாத வட்டியை முன்வட்டியாகவே பிடித்துக்கொள்கிறார்கள்: 12. செயல்முறைக் கட்டணம் 3. உங்கள் கைக்கு வருவது 85. வருடக் கடைசியில் கட்டுவது 100. அப்படியானால் 85-க்கு 15 செலவு, அதாவது 17.6 சதவீதத்துக்கும் மேல்! நுகர்வோர் கடனாக இருந்தால் கட்டணத்தையும் சேர்த்து உண்மை வீதத்தைச் சொல்லச் சட்டம் அவர்களைப் பிடித்து வைக்கும். தொழில் கடனில் பெரும்பாலும் அந்தக் கணக்கை நீங்களேதான் போட வேண்டும். தவணை தவறினால் ஏறும் அபராத வட்டியையும் பாருங்கள். மாதம் 2 சதவீதம், வட்டிக்கு வட்டி என்றால் வருடத்துக்கு 26.8 சதவீதம்.

உண்மையிலேயே வாடகைக்குத்தான், உங்கள் ஊர்ச் சட்டமும் அதைத் தொழில் கடன் என்றே பார்க்கிறது என்றால், இதையெல்லாம் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவதில் தப்பில்லை. ஆனால் நீங்களே குடிபோகப் போகிறீர்கள், கடன் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று தரகர் அந்தப் பக்கத்தை நீட்டுகிறார் என்றால், தயவுசெய்து போடாதீர்கள். கடன் கொடுத்தவருக்கு உண்மை தெரிந்திருந்தால் அந்த உறுதிமொழி செல்லாது என்று ஆஸ்திரேலியச் சட்டம் சொல்கிறது. இருந்தாலும், அவருக்குத் தெரியும் என்பதை வீடு ஏலத்துக்குப் போகும் நேரத்தில் நிரூபிப்பது லேசான காரியம் இல்லை.

கேள்வி: கம்பெனி பெயரில் வாங்கினால் கடன் சுலபமாகக் கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: கிடைக்கும். காரணம், நுகர்வோர் கடன் சட்டம் பொதுவாக மனிதருக்குத்தான், கம்பெனிக்கு இல்லை. அதோடு கம்பெனிக்காக உங்களைத் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்தும் கேட்பார்கள். பாதுகாப்பு போய்விட்டது, பொறுப்பு மட்டும் உங்கள் தலையிலேயே இருக்கிறது. வரி, வாரிசு போன்ற வேறு காரணம் இருந்தால் மட்டும் இந்த வழியை யோசியுங்கள்.

கேள்வி: என்னிடம் இருக்கும் வீட்டை ஒரு குடும்பம் கேட்கிறது. அவர்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை. வீட்டை அவர்களுக்கு விற்று, விலையை மாதத் தவணையில், வட்டியோடு நானே அவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். எங்களுக்குள் நடப்பதுதானே, இதில் சட்டம் எங்கே வருகிறது?

பதில்: இங்கே நீங்கள் நாற்காலி மாறிவிட்டீர்கள். வாங்குபவர் குடியிருக்கப் போகிறார், வட்டி நீங்கள் வாங்குகிறீர்கள். சட்டத்தின் கண்ணில் அவர் நுகர்வோர், நீங்கள் கடன் கொடுப்பவர். சில நாடுகளில் இதைத் தொடர்ந்து செய்யக் கடன் உரிமம் வேண்டும்.

அமெரிக்காவில் 2010-க்குப் பிந்தைய விதிகள் இதற்கு அளவு வைத்திருக்கின்றன. 12 மாதத்தில் 3 வீடுகள் வரை இப்படி விற்பவருக்கு, கடன் ஏற்பாடு செய்பவர்களுக்கான விதிகளிலிருந்து விலக்கு உண்டு. அதற்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. வீடு விற்பவரே கட்டியதாக இருக்கக்கூடாது. கடைசியில் ஒரு பெருந்தொகையைத் தலையில் கட்டாமல், தவணையிலேயே கடன் முடிய வேண்டும். வட்டி மாறுவதானால் 5 வருடத்துக்குப் பிறகுதான். அந்தக் குடும்பத்தால் கட்ட முடியுமா என்று நேர்மையாகப் பார்த்திருக்கவும் வேண்டும். எந்த நாட்டில் இருந்தாலும் இந்தக் கடைசி நிபந்தனையை நீங்களே உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். வங்கி வேண்டாம் என்று சொன்னதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் இன்னொன்று. அந்த வீட்டின் மேல் உங்களுக்கே வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா? சொத்து கைமாறினால் மொத்த அசலையும் உடனே கேட்கலாம் என்று பல அடமானப் பத்திரங்களில் ஒரு வரி இருக்கும். அந்தக் குடும்பம் ஒழுங்காகத் தவணை கட்டிக்கொண்டே இருக்கும்போது, உங்கள் கடனுக்காக அவர்கள் வீடு போய்விடலாம். முதல் தவணை வாங்குவதற்கு முன் உங்கள் வங்கியிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அதன் நகல் ஒன்றை அந்தக் குடும்பத்திடமும் கொடுங்கள்.