ஒரே வயலில் பாதி கரும்பச்சை, பாதி மஞ்சள்: யூரியாவை எங்கே போடுவது?

கேள்வி: தஞ்சை மாவட்டத்தில் இரண்டு ஏக்கரில் சி.ஆர். 1009 நெல் நட்டு 35 நாள் ஆகிறது. தண்ணீர் நுழையும் வாய்மடைப் பக்கம் பயிர் கரும்பச்சையாக நிற்கிறது. வயலின் மறுகோடியில் அரை ஏக்கர் வெளிறிக் கிடக்கிறது. வயல் முழுவதும் யூரியா வீசிவிட்டு, நுண்ணூட்ட பாட்டில் ஒன்றும் வாங்கி அடிக்கச் சொல்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கரும்பச்சையாக நிற்கும் பயிருக்கு மேலும் யூரியா கொடுத்தால் புகையான் பூச்சி வரும். கதிர் முற்றும் நேரத்தில் பயிர் சாய்ந்துவிடும்.

கோடிக்குப் போய் ஒரு தூரைப் பிரித்துப் பாருங்கள். அடி இலைகள் சீராக மஞ்சளாகியிருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை. அடி இலையில் துருப் புள்ளிகளும், இளம் இலை நடுநரம்பின் அடியில் வெளுப்பும் தெரிந்தால் துத்தநாகக் குறை. அதற்கு யூரியா மட்டும் போட்டுப் பயனில்லை. தண்ணீர் வடியாத பள்ளத்தில் இது அடிக்கடி வரும். தண்ணீரை வடித்துவிட்டு, 10 லிட்டருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 100 கிராம் யூரியா கரைத்து அந்த இடத்தில் மட்டும் தெளியுங்கள். பாட்டில் தேவையில்லை.

தழைச்சத்துதான் குறை என்றால் எண் போட்ட பச்சை நிறப் பட்டைகள் உள்ள இலை வண்ண அட்டையை எடுங்கள். காலை 8 முதல் 10 மணிக்குள், வெயில் படாமல் உங்கள் உடல் நிழலில், முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையில் வைத்துப் பாருங்கள். வாய்மடையில் 10 இலை, கோடியில் 10 இலை; இரண்டையும் கலக்காதீர்கள். பத்தில் ஆறு இலை 4-ஆம் எண்ணுக்குக் கீழே இருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் உரம். சம்பாவில் ஒரு தடவைக்கு ஏக்கருக்கு 26 கிலோ யூரியா. உங்கள் அரை ஏக்கருக்கு 13 கிலோ. மடையை அடைத்துவிட்டுப் போடுங்கள். வாரம் ஒருமுறை பூக்கும் வரை பாருங்கள்.

வெள்ளைப் பொன்னி நெல் ரகத்துக்கு மட்டும் 4 அல்ல, 3. அதன் இலை இயல்பிலேயே வெளிர்பச்சை. பக்கத்து வயலின் கரும்பச்சையைப் பார்த்துப் பொன்னிக்கு யூரியா கொட்டி, தரையோடு படுத்த பயிரை அறுக்க ஆள் தேடி அலைந்தவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பொன்னி வைத்திருப்பவர்கள் 3 என்பதை அட்டையின் பின்னாலேயே எழுதிவையுங்கள்.

45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. பாட்டிலையும் எடுத்தால்தான் மூட்டை என்று கட்டாயப்படுத்த எந்தக் கடைக்கும் உரிமை இல்லை. பில் கேளுங்கள், தர மறுத்தால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்தில் கொடுங்கள்.

மண்ணைச் சோதித்து அரசு தரும் மண்வள அட்டையில் எல்லாம் இருக்குமே என்பீர்கள். 2015-இல் அத்திட்டம் தொடங்கியபோது பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரிதான் எடுத்தார்கள். ஆறு ஏக்கருக்கு மேல் ஒரே பை மண்! உங்கள் கோடியின் அரை ஏக்கர் அதில் எப்படித் தெரியும்?

அறுவடை முடிந்ததும் வாய்மடை மண் ஒரு பை, கோடி மண் ஒரு பை என 15 செ.மீ. ஆழத்தில் தனித்தனியாக எடுங்கள். ஒரே சர்வே எண்தானே, ஒன்று போதும் என்பார்கள். இரண்டையும் கொடுத்துவிட்டே வாருங்கள்.